மச்சாளின் கானாங்கோழிக் குஞ்சுகள்

என் மச்சாளுக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, ஐம்பது வயது வரைக்கும் காகத்துக்கும் குயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. பொறாமையில் சொல்கிறேன் என்பீர்கள். பொறாமையில்தான் சொல்கிறேன். ஆனாலும் உண்மை.

பறவைப் பைத்தியம் நான்தான். நாட்டில் சண்டை நடந்த காலம் முழுக்க நாங்கள் பாமன்கடையில், கால்வாய்ப் பக்கத்து மாடி வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். குசினி யன்னல்தான் எனக்குக் காடு. நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயப்போடுவதையும், கபரகொய்யா என்கிற பெரிய உடும்பு தண்ணீரில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு அவசரமே இல்லாமல் போவதையும் பார்த்துக்கொண்டு நின்று எத்தனை தரம் சோற்றை அடிப்பிடிக்க விட்டிருக்கிறேன். என் கணவர் சோற்றுக் கோப்பையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கேட்பார்: “இண்டைக்கு எந்தப் பறவை கருக்கினது?”

மச்சாள் இருந்தது ஹெந்தளையில். சொந்த வீடு. கொல்லைப் பக்கம் முழுக்கச் சதுப்பு, கோரைப்புல், ஆம்பல், அதற்கு மேலே மறைப்பே இல்லாத வானம். எனக்கு இரண்டு சுவருக்கு நடுவில் ஒரு கீற்று வானம். அவவுக்கு ஒரு முழு வானம், அதையும் உடுப்புக் காயுமா காயாதா என்று பார்க்க மட்டும்தான் அண்ணாந்து பார்ப்பா.

அப்படியிருக்க, ஜேர்மனிக்குப் போய்ச் சேர்ந்த அவவின் மகன், அங்கிருந்து வந்த ஒருவரிடம் ஒரு கமெராவைக் கொடுத்துவிட்டான். கூடவே கடிதம்: ‘அம்மாவும் மாமியும் சேர்ந்து பாவியுங்கோ.’ அம்மா முதலில், மாமி பிறகு. அந்த வரிசையைக்கூட நான் கவனித்தேன்.

ஒரு ரோலில் முப்பத்தாறு படம். முதல் பதினெட்டு மச்சாளுக்கு, மிச்சம் எனக்கு என்று பேசிக்கொண்டோம். அவ எடுத்து முடித்ததும் நான் ஹெந்தளைக்குப் போய்க் கமெராவை வாங்கி வருவேன். என் பங்கையும் எடுத்துவிட்டு வெள்ளவத்தையில் ஸ்டூடியோவில் கொடுப்பேன்.

முதல் ரோலிலேயே அவவுக்கு உடுப்புக்கொடியில் ஒரு மீன்கொத்தி வந்து குந்தியது. இரண்டாவது ரோலில், மழைக்கு முதல் வானம் ஊதாவாக மாற, அதன் கீழே கொக்குக் கூட்டம். எனக்கு இரண்டு ரோலிலும் காகம். மொட்டை மாடிக்குப் போனால் கடலும் வானமும் கிடைக்கும்தான். ஆனால் வீட்டுக்கார ஹாஜியார் கும்பிடாத குறையாகச் சொல்லியிருந்தார்: “தங்கச்சி, வானத்தைக் கண்ணால பாருங்க. பெட்டியால பார்க்காதீங்க. ஆராச்சும் கண்டா உங்களையும் கேப்பாங்க, என்னையும் கேப்பாங்க.” அவர் சொன்னது நியாயம். மாடியில் கமெராவோடு நிற்கிற தமிழ்ப் பொம்பிளை கொக்குப் பார்க்கிறாள் என்று அந்த நாளில் யார் நம்புவார்கள்?

ஸ்டூடியோக்காரர் கொட்டாஞ்சேனை ஆள், வாய்க்காரர். மீன்கொத்திப் படத்தைத் தூக்கிப் பார்த்து, “இது ஆர் எடுத்தது? பொறுமைசாலி” என்றார். என் படத்தை எடுத்து நிதானமாகப் பார்த்தார். “இதில யன்னல் கம்பி நல்லா வந்திருக்கு அக்கா.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் முதலில் யன்னல் கம்பியைத்தான் துடைத்தேன்.

மூன்றாவது ரோலின்போது மகனிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. கிணற்றடிக்குப் பின்னால் வருசா வருசம் குஞ்சு பொரிக்கிற கானாங்கோழி இப்போதும் வருகிறதா, வந்தால் ஒரு படம் அனுப்புங்கோ என்று கேட்டிருந்தான். பள்ளிக்கூடம் போகமுதல் குஞ்சுகளை எண்ணிவிட்டுத்தான் போவானாம். மச்சாள் மூன்று கிழமை, காயப்போட்ட சீலைக்குப் பின்னால் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதில் குந்தியிருந்தா. முழங்கால் வருத்தக்காரி. பதினேழாவது, பதினெட்டாவது படத்தில் அகப்பட்டுவிட்டது.

கமெராவை என் கையில் தரும்போது அவவின் முகத்தைப் பார்க்கவேண்டும்.

“அஞ்சு குஞ்சு, கரித்துண்டு மாதிரி. தாய் முன்னுக்குப் போகுது, கடைசிக் குஞ்சு நிண்டு திரும்பி என்னையே பாத்தது. பிள்ளைக்கு அனுப்பவேணும், கவனமாக் கொண்டுபோம்.”

“நல்லது மச்சாள்” என்றேன். எத்தனை வருசமாக அந்தக் கொல்லைக்குப் போய்வருகிறேன், ஒரு குஞ்சின் வாலைக்கூட எனக்குக் காட்டாத கோழி.

வரும் வழியில் செக் பொயின்றில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். வழக்கம்தான். என் பையில் கமெராவைக் கண்டதும் ஆமிக்காரப் பெடியன் அதை வெளியே எடுத்தான். கமெரா என்றால் பின்மூடியைத் திறந்து பார்ப்பார்கள், வெளிச்சம் பட்டால் எடுத்த படம் போச்சு. அதனால் அவர்கள் கை வைக்கமுதலே நான் சிங்களத்தில் சொல்லிவிடுவேன்: “மாத்தயா, ஃபில்ம் எகக் தியனவா, அரின்ன எபா.” உள்ளே ஃபில்ம் இருக்கிறது, திறக்கவேண்டாம் என்று. முந்தின இரண்டு தரமும் சொன்னதைக் கேட்டார்கள், வெளியை மட்டும் பார்த்துவிட்டுத் தந்தார்கள்.

அன்றைக்கு அந்தப் பெடியன் மூடியில் பெருவிரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். சொற்கள் நாக்கு நுனியில் நின்றன. நான் வாய் திறக்கவில்லை.

திறந்தான். “அய்யோ, ஃபில்ம் எகக் நே” ஃபில்ம் இருக்கிறதே என்று பதறிச் சட்டென்று மூடினான். “சொறி அக்கே” என்று இரண்டு கையாலும் திருப்பித் தந்தான். எனக்கு வராத கவலை அவனுக்கு வந்தது.

பிறகு என் பதினெட்டையும் எடுத்தேன், ஒன்றுமே நடக்காதது போல. படங்களை வாங்கப் போனபோது ஸ்டூடியோக்காரர் பகிடி விடவில்லை. என் காகங்கள் பதினெட்டும் பளிச்சென்று இருந்தன. சுருளின் அடியில் கிடந்த மச்சாளின் முதல் மூன்று நான்கு தப்பியிருந்தன: வாசல் படலை, தென்னை, பூனை. மிச்சமெல்லாம் வெள்ளை. கடைசி இரண்டில் ஒரு கோடுகூட இல்லை.

அடுத்த நாள் காலை ஹெந்தளைக்குக் கொண்டுபோனேன். மச்சாள் மேசையில் வைத்து ஒவ்வொன்றாகத் திருப்பினா. வெள்ளைத் தாளின் பின்பக்கத்தையும் பார்த்தா.

“திறந்திட்டாங்களோ?”

“ஓம்.”

“பயந்துபோனீராக்கும். பாவம், தனிய வந்தனீர்.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தப் ‘பாவம்’ எனக்குத் தாங்கவில்லை.

“பயப்படேல்லை மச்சாள். சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை.”

“ஏன்?”

“அஞ்சு குஞ்சும் உங்களுக்குக் கிடைச்சிட்டுது எண்டு.”

அவ படங்களை அடுக்கினா, பிறகு கலைத்து மறுபடி அடுக்கினா. குஞ்சுகள் இதற்குள் வளர்ந்து தாயை விட்டுப் போயிருக்கும். அது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும்.

“பிள்ளைக்கு நான் என்னெண்டு எழுத?” என்றா கடைசியில்.

“நான் எழுதுறன்.”

“என்னத்தை?”

“நடந்ததை.”

உள்ளே போய் நீலக் கடிதத்தாளும் பேனையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. எதிர்க்கதிரையில், கொல்லை யன்னலைப் பார்த்தபடி இருந்துகொண்டா. என் முதுகுதான் யன்னலுக்கு.

“எழுதும். நான் பாத்துக்கொண்டிருக்கிறன்.”

எழுதினேன். ‘அன்பான மகனுக்கு, மாமி எழுதுவது’ என்று தொடங்கி, அந்தப் பெடியனின் பெருவிரல் வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது பின்னால் கோரைக்குள் ‘குவாக், குவாக்’ என்று கானாங்கோழிச் சத்தம். மச்சாளின் கண் மெல்ல இடமிருந்து வலமாகப் போனது. சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

“என்ன மச்சாள்? என்ன போகுது?”

“ஒண்டுமில்லை. நீர் எழுதும்.”

குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதுகிற கை அது. கழுத்தோ திரும்பு, திரும்பு என்று துடித்தது. திரும்பினால் பேனையை வாங்கிவிடுவா என்று பயந்து, குனிந்தபடியே கேட்டேன்: “எத்தனை?”

அவ சொல்லவில்லை.