லாவெண்டருக்கு ஊற்றிய குடம்

எழுபதுகளில் தூத்துக்குடித் துறைமுகக் குடியிருப்பில் இருந்தோம். எங்கள் குடியிருப்புக்கு மட்டும் நல்ல தண்ணீர் லாரியில் வரும். துறைமுகத்தில் வேலை பார்த்த என் கணவருக்கு ஒரு கிரேக்க மாலுமி லாவெண்டர் செடி ஒன்றைக் கொடுத்தார். தெருவில் வேறு யாரிடமும் இல்லாத செடி. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

பாத்திரம் தேய்க்க வரும் அந்தோணியம்மாளிடம் தினமும் அதற்கு ஒரு குடம் ஊற்றச் சொல்லியிருந்தேன். செடி ஊதா ஊதாவாகப் பூத்தது. ஒருநாள் எதேச்சையாக எட்டிப் பார்த்தால், அவள் ஒரு செம்பு மட்டும் ஊற்றிவிட்டு, மீதியைக் குடத்தோடு இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்புகிறாள்.

"ஏளா, எங்க தூக்கிட்டுப் போற?"

"செடி நல்லாத்தானக்கா இருக்கு. எங்க கெணத்துத் தண்ணி ஒரே உப்பு. பிள்ளையளுக்குக் குடிக்கக் கொண்டுபோறேன்."

"களவாணி!" என்று தெருவே கேட்கக் கத்தினேன். குடத்தைப் பிடுங்கி, அவள் கண்ணெதிரிலேயே அவ்வளவையும் செடியில் கவிழ்த்தேன். மறுநாளிலிருந்து அவள் வரவில்லை.

பிறகு நானே தினம் ஒரு குடம் ஊற்றினேன். இரண்டே வாரத்தில் இலை பழுத்து, வேர் அழுகி, செடி சாய்ந்துவிட்டது. அடுத்த முறை வந்த மாலுமி சிரித்தாராம். அது காய்ந்த பாறை மண்ணில் வளர்வது, தண்ணீர் அதிகமானால் செத்துவிடும் என்றாராம். அதுவரை அதைப் பூக்க வைத்தது அவளுடைய களவுதான்.

'என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே' என்று ரொம்ப நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். பொய். பிள்ளைகளுக்கு என்று அவள் சொன்ன பிறகுதான் நான் குடத்தைக் கவிழ்த்தேன்.