மன்னியின் எடைக்கு இறுக்கியது

என் சமையலறையில், இட்லித் தட்டுக்குப் பக்கத்து ஆணியில், ஒரு பெரிய ரிங் ஸ்பேனர் தொங்குகிறது. வெல்லம் உடைக்க அதைவிட நல்ல சாமான் கிடையாது. இது ஏன் இங்கே என்று கேட்பவர்களிடம், பிளம்பர் விட்டுப் போனது என்று சொல்லிவிடுவேன். உண்மையில் அது என் அண்ணாவுடையது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அவனுடைய காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்தபோது என் கையில் இருந்தது. கல்யாணமாகி நான் அடையாறுக்கு வந்தபோது அதுவும் கூட வந்துவிட்டது. அவன் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

கார் என்றால் பழைய இங்கிலீஷ் கார். இரண்டு பேர்தான் உட்காரலாம், கூரையை மடித்துவிடலாம். கோபாலபுரத்து பங்களா ஒன்றில் பூனை குட்டி போட்டுக்கொண்டிருந்த அதை அண்ணா வாங்கி வந்து, மயிலாப்பூரில் எங்கள் வீட்டு ஷெட்டில் வைத்து உயிர் கொடுத்தான். வார நாட்களில் தேனாம்பேட்டை ஆபீசுக்கு அதில் போவான். அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பந்தயத் தளத்தில் அதையே விரட்டுவான். பக்கத்து சீட் என்னுடையது. சும்மா உட்கார்ந்து வருவதில்லை, எனக்கு அதில் உத்தியோகமே இருந்தது. லஸ் முனையில் திரும்பும்போது, ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது, எந்தப் பக்கம் கடகடக்கிறது, எந்தப் பக்கம் முனகுகிறது என்று கேட்டுச் சொல்ல வேண்டும். "சொல்லுடீ, லெப்டா ரைட்டா?" என்பான். நான் சொன்னால் மேல்முறையீடு கிடையாது. அப்பா ஒரு தடவை அந்த சீட்டில் உட்காரப் போனபோது, "அது அவளோடதுப்பா" என்றான். அப்படிச் சொன்னது இன்று அவனுக்கு நினைவில்லை. எனக்கு இருக்கிறது.

அவன் கல்யாணத்தில் முதல் முடிச்சை அவன் போட்டான். மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டியவை, நான்தான் போட்டேன், லேசில் அவிழாதபடி. மன்னி நல்லவள். அதுதான் தொல்லை. கோள் சொல்லாத, முகம் சுளிக்காத, என் தலையை வலிக்காமல் பின்னிவிடுகிற ஒருத்தியிடம் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் தெரியுமா? நாத்தனார் புத்தி என்று சொல்பவர்கள் சொல்லட்டும். அண்ணாவின் பாசத்தில் அவள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு சீட் போதும். நல்ல வேளையாக, புதுப்பெண் பட்டுப் புடவையோடு அவ்வளவு பள்ளத்தில் இறங்கி உட்காரக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். மன்னி ஆட்டோவில் போய்வந்தாள். எனக்குப் பரம நிம்மதி.

அந்தச் சமயத்தில்தான் அண்ணா காரின் முன்பக்க சஸ்பென்ஷனை மாற்றக் கிளம்பினான். பந்தயத் தளத்து வளைவில் கார் ஒரு பக்கமாகச் சாய்கிறது, பிரேக் போட்டால் மூக்கைத் தரையில் தேய்க்கப் பார்க்கிறது என்பது அவன் குறை. ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் அங்கே நன்றாக ஓடும், ஆனால் மயிலாப்பூர் ரோட்டில் பல் ஆடிவிடும். புதுப்பேட்டையில் ஸ்பிரிங் சுற்றும் பாயிடம் இரண்டு பேரும் போனோம். "இன்னா சார், சொகுசா போவணுமா, ரேஸு உடணுமா? ஒண்ண சொல்லு" என்றார். "ரெண்டும்" என்றான் அண்ணா. பாய் என்னைப் பார்த்துச் சிரித்தார். சற்றுத் தடித்த கம்பியில், உயரம் குறைத்து, சுற்றிக் கொடுத்தார். பழைய ஷாக் அப்சார்பருக்குப் பதில் புதிது, சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டுகளுக்குக் கெட்டியான ரப்பர் புஷ். ஸ்பிரிங்கைக் கழற்றும்போது ஜாக்கியை இம்மி இம்மியாக இறக்க வேண்டும், அவசரப்பட்டால் துள்ளி ஆளை அடித்துவிடும். அதை என்னைத் தவிர யாரிடமும் அவன் விடமாட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

சாயங்காலம் அம்மா கற்பூரத்தட்டோடு வந்து நின்றாள். "ராகு காலம் வரதுக்குள்ள பூஜை போட்டு வண்டிய எடுத்துடுங்கோடா." முன்சக்கரங்கள் இன்னும் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அப்படியே எல்லா போல்ட்டையும் இறுக்கினோம், இறக்கினோம், எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினோம். கார் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. தெருமுனைக்குள் முனக ஆரம்பித்தது, மேட்டில் ஏறினால் முதுகில் அறைந்தது. நான் உன்னிப்பாகக் கேட்டு, "ரைட், ஷாக் அப்சார்பர்" என்றேன். மறுநாள் கழற்றி மாட்டினான், அப்படியேதான் இருந்தது. "அப்ப லெப்ட்" என்றேன். அதுவும் இல்லை. வருகிற ஞாயிறு பந்தயம். அண்ணா என்னைத் திட்டவில்லை. "சரி விடு" என்றான். என்னிடம் அவன் அப்படிச் சொன்னதே கிடையாது.

சனிக்கிழமை காபி கொண்டுவந்த மன்னி, "நானும் ஒரு ரவுண்டு வரட்டுமா?" என்றாள். நைலக்ஸ் புடவையில் இருந்தாள், தடுக்க அம்மாவும் இல்லை. கோயில் குளத்தைச் சுற்றிவிட்டு வந்தார்கள். இறங்கும்போது விளையாட்டாகத்தான் சொன்னாள்: "நின்னுண்டே இறுக்கிக் கட்டிண்ட புடவை மாதிரி இருக்கு. உக்காந்தா இடுப்பப் பிடிக்கறது."

அண்ணா காபியைக் கீழே வைத்தான், அவனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. சக்கரம் தொங்கும்போது ரப்பரை இறுக்கியதால், கார் தரையில் உட்கார்ந்ததும் அது முறுக்கிக்கொண்டு மேலே தள்ளுகிறது. எல்லாவற்றையும் தளர்த்தி, சக்கரங்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்து, ஆட்கள் உட்கார்ந்திருக்கும் பாரத்திலேயே இறுக்க வேண்டும். ஓட்டும் சீட்டில் அவன் உட்கார்ந்தான். பக்கத்து சீட்டுக்கு நான் நகர்ந்தேன். "நீ அடியில போடீ, ஒனக்குத்தான் கை பழக்கம்" என்றான். மன்னி தயங்கி என்னைப் பார்த்தாள், பிறகு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் கார் தணிந்தது அடியில் படுத்திருந்த எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு போல்ட்டாக இறுக்கினேன். அவள் எடைக்கு, என் கையால்.

மறுநாள் அவர்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். கார் சாயவில்லை, முனகவில்லை, லட்டு மாதிரி திரும்பியது. அதற்குப் பிறகு அந்த சீட்டில் உட்காரும்படி என்னை யாரும் கூப்பிடவில்லை, சத்தம் கேட்டுச் சொல்ல அவசியமும் வரவில்லை. என் கணவர் நல்ல கார் வைத்திருக்கிறார். நான்கு பேர் உட்காரலாம், ஏசி உண்டு. அதில் போகும்போதும், எதிரே ஒரு சின்னத் திறந்த காரைக் கண்டால் பக்கத்து சீட்டில் இருப்பது யார் என்றுதான் முதலில் பார்ப்பேன்.

போன மாதம் அண்ணா போன் செய்தான். ரப்பர் எல்லாம் இற்றுப்போய்ப் புதிது போட்டிருக்கிறானாம். "வா. அந்த ஸ்பேனரையும் எடுத்துண்டு வா" என்றான். அவனுக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. மன்னி பெண்ணின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தாள். சீட் காலி. நல்ல சுடிதாராக எடுத்துப் போட்டுக்கொண்டு, தலையில் கட்ட ஒரு ஸ்கார்பையும் பையில் வைத்துக்கொண்டு போனேன்.

ஷெட்டில் கார் மரக்கட்டைகளின் மேல் நின்றது. பக்கத்து சீட்டில் ஒரு அரிசி மூட்டை, பெல்ட் போட்டு. அதன் மடியில் ஒரு பை சாம்பார் வெங்காயம்.

"வெங்காயம் எதுக்கு?"

"அங்க போய் வெயிட் போட்டுட்டாளாம். நேத்து போன்ல சொன்னா."

"ஏண்ணா, நான் உக்காரப்படாதா?"

"அப்பறம் அடியில யார் போவா? ஒன்னத் தவிர யாரையும் நான் அங்க விட்டதில்லையே" என்றான், பெரிய மரியாதை செய்துவிட்டவன் போல. பழைய கோரைப்பாயைக் காருக்கு அடியில் விரித்து, என் தலைக்குத் துண்டை மடித்து வைத்தான்.

படுத்தேன். மேலே அவன் ஏறி உட்கார்ந்து, மூட்டை சரியாமல் ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டான். ஸ்பேனரில் வெல்லப்பாகு ஒட்டிக்கொண்டிருந்தது, விரலால் சுரண்டிவிட்டு ஒவ்வொன்றாக இறுக்கினேன், முன்பு போலவே நன்றாக. வெளியே வந்ததும் யாரும் கேட்பதற்கு முன் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். இப்போது அது மறுபடியும் ஆணியில் தொங்குகிறது.