தோளில் கை வைத்த வாக்கியங்கள்

வாய் ஓயாமல் பேசுகிறவளுக்கு ஒரு கட்டுரை மட்டும் ஏன் வரமாட்டேன் என்கிறது? சித்தியைப் பற்றி வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். பதில் பிறகு அவளே சொன்ன கதையில் கிடைத்தது.

சித்தி பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறாள். நாற்பது வயதுக்கு மேல் மாலைக் கல்லூரியில் சேர்ந்தாள். 'பிள்ளைகள் ஏன் வகுப்பில் தூங்கி விழுகிறார்கள்' என்ற அவளுடைய ஆய்வுக் கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவதும் தேறாவிட்டால் படிப்பு அதோடு சரி.

மூன்றாவது முறை எழுதுவதற்கு முன் ஒரு மாலை, கல்லூரி வகுப்பில் டீச்சர் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளச் சொன்னார். சித்தியின் கட்டுரையை வாக்கியம் வாக்கியமாக நறுக்கி, உடன் படிப்பவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்.

"இப்ப நீங்கதான் அந்த வாக்கியம். யாருக்கு முட்டுக்கொடுக்கிறீங்களோ அவங்க தோள்ல கை வைங்க."

மருந்துக்கடைக்காரர் தன் துண்டை உரக்கப் படித்தார்: "தூக்கம் உடல்நலத்துக்கு அவசியம் என்கிறார் அறிஞர்."

"இதுக்கு அறிஞர் எதுக்குண்ணே? எங்க வீட்டு நாய்க்கே தெரியும்!" என்றாள் தையல்கார அக்கா.

அவளுடைய துண்டிலும் வேறோர் அறிஞர்தான் இருந்தார். எல்லோரும் கையை நீட்டியபடி நின்றார்கள். வைக்க ஒரு தோள் இல்லை. சித்தியின் முகம் தொங்கிவிட்டது.

"இத்தனை பேரும் எதுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்காங்க?" என்று டீச்சர் கேட்டார்.

"பிள்ளைங்க சோம்பேறி இல்ல டீச்சர். முதல்ல ஏறுற பிள்ளை ஊரெல்லாம் சுத்தித்தான் பள்ளிக்கூடம் வருது. அதுக்காக இருட்டோட எழுந்திருக்குது" என்றாள் சித்தி.

"இதை ஏன் எழுதல?"

"நான் சொன்னா யாரு கேப்பா? பெரியவங்க சொன்னதைத்தானே எழுதணும்?"

"முதல்ல நீங்க சொல்லுங்க. அப்புறம் அவங்களைக் கூப்பிடுங்க."

சித்தி அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். தையல்கார அக்காவின் கை முதலில் அவள் தோளில் விழுந்தது. ஒவ்வொருவராக நெருங்கினார்கள். மருந்துக்கடைக்காரர் மட்டும் தயங்கினார்.

"எனக்கு இங்க வேலை இல்ல போலிருக்கே?"

"மன்னிச்சுக்கோங்கண்ணே, உங்களை வெட்டியாச்சு!" என்றாள் சித்தி. அவர் சிரித்தபடி போய் உட்கார்ந்தார்.

இன்னும் ஓர் இடம் காலியாக இருந்தது. பிள்ளைகள் எப்போது எழுகிறார்கள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அந்த வாரம் பிள்ளைகளை வேனில் ஏற்றும்போதெல்லாம் சித்தி அவர்களின் பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டாள். கட்டுரை தேறியது. அடுத்த பருவத்துக்கு இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள்.

வெள்ளைத் தாளைப் பார்த்தாலே பேனாவை மூடிவைக்கும் ஆள் ஒருவராவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சித்தியின் கதையை அவருக்குச் சொல்லுங்கள். அவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.