மடங்காத மணிக்கட்டு

பால் கறக்கிறவர்களுக்கு மணிக்கட்டு வலிப்பது ஒரு செய்தியே அல்ல. பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி ஊரில் எங்கள் தோப்பைச் சுற்றி மாடு வைத்திருக்கும் வீடுகளில் யாராவது ஒருவர் கையில் துணி சுற்றியிருப்பார். அதனால் என் வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம், எலும்பு புடைத்தபோது நான் கண்டுகொள்ளவில்லை.

“சுளுக்குத்தானுங்க. உருவியுட்டாச் செரியாப் போயிருமுங்க,” என்று கணவரிடம் நானே சொன்னேன். அவரும் மழைக்காலம் முழுக்கத் தைலம் போட்டு உருவிவிட்டார். ஒருநாள் பால் வாளி கையிலிருந்து நழுவி விழுந்தது.

பாலக்காட்டில் எக்ஸ்ரே எடுத்தோம். முன்கை எலும்பின் நுனி மூட்டுவரை ஊதிப்போய், உள்ளே குமிழ் குமிழாகத் தெரிந்தது. எனக்குக் கறந்த பாலின் நுரைதான் ஞாபகம் வந்தது. எலும்பின் வெளிச்சுவர் முட்டை ஓடாக மெலிந்து, ஓரிடத்தில் உடைந்தும் இருந்தது.

“இனி உருவவே கூடாதும்மா. ஒடிஞ்சிரும்,” என்றார் டாக்டர். என் கணவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயாப்ஸியில் (கட்டியின் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) ராட்சச செல் கட்டி என்று வந்தது. பெயர்தான் பயங்கரம். இது புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் என்னைப்போல் எலும்பு வளர்ந்து முடிந்த வயதினருக்கு மூட்டை ஒட்டி வருவது. ஆனால் எலும்பைத் தின்னும், எடுத்தாலும் திரும்பலாம், அபூர்வமாக நுரையீரலுக்கும் போகும். நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தது.

சிலருக்குச் சுரண்டி எடுத்து எலும்புச் சிமெண்ட் (குழைத்து வைத்தால் இறுகிவிடும் பசை) நிரப்புவார்களாம். எனக்கு அந்த நுனியையே வெட்டிவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து வைத்து, மூட்டை அசையாமல் இணைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

“அப்புறம் பால் கறக்க முடியுமுங்களா?”

“விரல் அசையும். மணிக்கட்டு மடங்காது.”



எங்கள் செல்லி என் கைக்கு மட்டுமே பால் விடுகிற மாடு. ஆபரேஷனுக்குப் பிறகு கணவர் கறக்க உட்கார்ந்தால் மடியை இறுக்கிக்கொண்டாள். நான் அவள் தலைப்பக்கம் நின்று இடது கையால் கழுத்தைச் சொறிந்தால்தான் இளகுவாள். அந்த ஒரு வேலையாவது எனக்கு மிச்சமிருந்தது.

உங்களுக்கும் மூட்டருகே வீக்கம் நிலைத்துவிட்டால், வேலையின்மேல் பழிபோட்டு நாளைக் கடத்தாதீர்கள். படம் எடுத்துப் பாருங்கள். முன்பு என் பொழுது காலைக் கறவை, மாலைக் கறவை என்று போனது. இப்போது ஒரு எக்ஸ்ரேயிலிருந்து அடுத்த எக்ஸ்ரேவரை போகிறது. மழை வந்தால் எலும்பு எடுத்த காலும் சேர்ந்து வலிக்கிறது.

போன வாரம் நான் தொழுவத்துக்குள் நுழையும் முன்பே வாளியில் பால் விழும் சத்தம் கேட்டது.

“நீ வராமயே செல்லி பால் உட்டுட்டா பாரு புள்ள,” என்றார் அவர், சந்தோஷமாக.

“நல்லதுங்க,” என்றேன். அவருக்குத் தெரியாமல் தென்னை மறைவில் நின்று அழுதேன்.