நெய் சாப்பிடாத நெய்க்காரன்

1. முதல் நாள்

ஐம்பதுகளின் நடுவில் கிருஷ்ணகிரியில் ஒரு நெய் மண்டியில் ஏஜெண்டு வேலைக்குச் சேர்ந்தேன். சாம்பிள் நெய் நிரப்பிய தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி, பர்கூரிலிருந்து ஓசூர் வரை இருக்கிற, காபி கிளப் என்று அப்போது சொன்ன ஓட்டல்களில் நெய்க்கு ஆர்டர் பிடிக்க வேண்டும். அதற்கு முன்பு ஊத்தங்கரைப் பக்கம் எங்கள் கொல்லையில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தேன். தொடர்ந்து இரண்டு வருஷம் மழை இல்லை. வீட்டில் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. இந்த வேலை போனால் திரும்பிப் போவதற்குக் காய்ந்த கொல்லை ஒன்றுதான் இருந்தது.

முதல் நாள் முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்பா சின்னசாமி, நெய் நெறயா தின்னுவியா?"

"இல்லீங்க. பாலு, தயிரு, மோரு, வெண்ண, நெய் எதையுமே தொட மாட்டன். பன்னண்டு வயசுல உட்டது."

சொல்லிவிட்டு, வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"முன்ன இருந்தவன் சாம்பிளப் பூரா பஸ்ஸுலயே நக்கிட்டு, வெறுந் தூக்கோட ஓட்டல்ல போயி நின்னான். நீதான் எனக்கு வேண்டிய ஆளு. ஆனா ஒண்ணு. இத வெளிய மூச்சு உடக்கூடாது. நெய்க்காரனே நெய் தின்ன மாட்டான்னு தெரிஞ்சா எவன் வாங்குவான்? அன்னைக்கே நீ ஊருக்குப் போயிரலாம்."

ஏன் விட்டாய் என்று அவர் கேட்கவில்லை. ரொம்ப நாளைக்கு யாரும் கேட்கவில்லை. இப்போது பால் பொருள் சாப்பிடாதவர்களுக்கு வீகன் என்று ஒரு பெயர் இருக்கிறதாம். அன்றைக்கு அந்தப் பெயர் இருந்திருந்தால் எனக்குப் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

நெய்யைச் சாப்பிடாமலே தொழிலைக் கற்றுக்கொண்டேன். துளி நெய்யைப் புறங்கையில் வைத்துத் தேய்க்க வேண்டும். சுத்தமான நெய் தோலில் இறங்கிவிடும், வாசனை நிற்கும். வனஸ்பதி கலந்தது மெழுகு மாதிரி மேலேயே நிற்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு காறல் வாடை வரும். மாசத்துக்குள் தேய்க்காமலே எனக்கு வாடை பிடிபட்டது. மண்டியில் எனக்குக் கொடுத்த சாம்பிள் எப்போதும் முதல் தரமாக இருந்தது. அதனால் தைரியமாகப் பேசி விற்றேன்.

2. சாதா தோசை

நெய் விற்பது சுலபம். நெய் வாங்குகிற இடத்தில் நெய் இல்லாமல் சாப்பிடுவதுதான் கஷ்டம். பஸ்ஸில் கிளம்பினால் மூன்று நாள் வெளிச்சாப்பாடு.

ஒரு கிளப்பில் சாதா தோசை கேட்டேன். மினுமினுவென்று வந்தது. "நெய் போட்டீங்களா?" என்றேன். "சாதாதாங்க. சாதான்னா நெய் கம்மியா ஊத்துவம்" என்றார் சர்வர். நெய்யே வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். அவர் உள்ளே போய், நெய்க்காரர் வெட்கப்படுகிறார் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த தோசை நெய்யில் மிதந்துகொண்டு வந்தது. கல்லாவிலிருந்து முதலாளி வேறு, "நம்ம கடையில கூச்சப்படாதீங்க" என்று கையைக் காட்டினார்.

சரி, காரணம் சொல்லிப் பார்ப்போம் என்று, உடம்பு சரியில்லை, பத்தியம் என்றேன். பத்தியத்துக்கு என்று பெரிய டம்ளரில் மோர் வந்தது. இன்னொரு ஊரில் விரதம் என்றேன். விரதக்காரர் என்று மரியாதையாகப் பாலும் பழமும் கொண்டுவந்து வைத்தார்கள். பழத்தைத் தின்றுவிட்டு, பாலைப் பக்கத்து மேஜைக்காரரிடம் தள்ளினேன். அவர், "விரதத்துக்கு வெச்ச பாலத் தள்ளி விரதத்த முறிச்சிட்டீங்களே சாமி" என்று என்னைக் கடிந்துகொண்டு பாலைக் குடித்தார்.

வெறும் டிகாக்‌ஷன் கேட்டால் வீட்டில் சாவு விழுந்ததா என்கிற மாதிரிப் பார்ப்பார்கள். ரசம் தெளிவாக இருக்கிறதே என்று ஊற்றிக்கொண்டால் தாளித்தது நெய்யில். நெய்யைத் தேடிப் போகிறவர்களுக்குக் கிடைக்காத நெய், என்னை மட்டும் விடாமல் துரத்தியது. நெய் விற்று நான் இளைத்துக்கொண்டே போனேன்.

3. மிலிட்டரி ஓட்டல்

எனக்குச் சோறு போட்டது ஓசூர் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில் இருந்த மிலிட்டரி ஓட்டல். கறி ஓட்டலை அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நடத்தியவர் மாதம்மா என்கிற அக்கா. கறி பக்கமே போகாதவன் அங்கே ஏன் போனேன் என்றால், அங்கே நெய் கிடையாது. கேழ்வரகுக் களி, கடலெண்ணெயில் தாளித்த கீரை, கொள்ளுச் சட்னி. சுற்றி எல்லோரும் எலும்பைத் தட்டிக்கொண்டிருக்க, நான் நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகக் களியை விழுங்குவேன்.

"கொழம்பு ஊத்தட்டா?"

"வேணாங்க்கா."

"தண்ணி?"

"ஊத்துங்க."

இவ்வளவுதான் பேச்சு. அந்த அக்காவுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

வினை எதிர்ச்சாரியில் இருந்த கிளப்பிலிருந்து வந்தது. ஓசூரில் எங்களுக்குப் பெரிய வாடிக்கை ராகவண்ணா கிளப். அவர் உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். சுத்த சைவம். நெய் விஷயத்தில் கறார். ஒருநாள் நான் மிலிட்டரி ஓட்டலிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வரும்போது நேருக்கு நேர் பார்த்துவிட்டார். மறுநாள் கூப்பிட்டார்.

"ஏனப்பா, நீங்க மாம்சம் தின்றதா? எங்க அடுப்படிக்குள்ள வந்து நெய் டின்ன எடைபோட்டுக் கொடுத்தீங்களே. கறிக்கு இல்லேன்னா அங்க எதுக்குப் போனீங்க, சொல்லுங்க."

யோசித்துப் பாருங்கள். இல்லை என்று சொன்னால் ஏன் போனேன் என்று சொல்ல வேண்டும். அங்கே நெய் இல்லை என்பதால் போனேன் என்றால் அன்றைக்கே வேலை போய்விடும். மனைவிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. பால்கூடக் குடிக்காத நான் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டேன்.

"ஆமாங்க. கறின்னா எனக்கு உசுரு."

அவர், "போகட்டும். வெளிய தின்னுங்க. அடுப்படிக்கு வரவேண்டாம். டின்னு வாசல்லயே இருக்கட்டும்" என்றார். ஆர்டர் பிழைத்தது. ஆனால் ஓசூரில் எனக்குக் கறிப்பைத்தியம் என்று பெயர் பரவிவிட்டது. அறிமுகமில்லாத லாரிக்காரர்கள்கூட எந்தக் கடையில் ஈரல் நல்லது என்று என்னிடம் கேட்டார்கள். நானும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சிலர் திரும்பி வந்து, சொன்னது சரி என்று பாராட்டினார்கள்.

4. யுகாதி ஒப்பட்டு

ஓசூரில் யுகாதி பெரிய பண்டிகை. அன்றைக்கு ராகவண்ணா தமக்குச் சரக்குக் கொடுப்பவர்களுக்கெல்லாம் இலை போடுவார். அரிசிக்காரர், பருப்புக்காரர், சேலத்திலிருந்து வந்த இன்னொரு நெய்க்காரர், நான். கறிப்பைத்தியம் என்பதால் என் இலை ஓரத்தில். போகாமல் இருக்க முடியாது. அந்த வருஷத்து நெய் காண்டிராக்டு யாருக்கு என்று அன்றைக்குத்தான் சொல்வார். அந்தக் காண்டிராக்டு இல்லாமல் திரும்பி வராதே என்று எங்கள் முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒப்பட்டு வந்தது. நம் ஊரில் போளி என்பார்களே, அதுதான். ராகவண்ணாவே கரண்டியோடு வந்து என் ஒப்பட்டின் மேல் குளம்போல நெய்யை ஊற்றினார்.

"உங்க நெய்தான். உங்க டின்னு நேத்துதான் உடைச்சது. எல்லார் முன்னாலயும் நீங்க முதல்ல தின்னுங்க. காண்டிராக்டு உங்களுக்குத்தான்."

பந்தி முழுக்க என்னைப் பார்த்தது. ஒரு வாய் போட்டால் போதும். பிள்ளை பிறக்கப் போகிறது, ஒரே ஒரு வாய் என்று கையை இலைக்குக் கொண்டுபோனேன். பொய் சொல்வானேன், தின்றிருப்பேன். அப்போது சூட்டில் வாடை மேலே வந்தது. வனஸ்பதி. கொஞ்சநஞ்சமில்லை, பாதிக்குப் பாதி.

மண்டியிலிருந்து சீல் வைத்து வந்த டின்னை நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. சாம்பிள் ஒன்று, டின் வேறு என்பது அப்போதுதான் புரிந்தது. நெய்யை வாயில் வைக்காத ஆளை முதலாளி ஏன் அவ்வளவு ஆசையாகச் சேர்த்துக்கொண்டார் என்பதும் புரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த மனிதரின் வாசலில் நின்று, சுத்தம் சுத்தம் என்று கத்தியிருக்கிறேன்.

"என்னப்பா, தின்னலியா?" என்றார் ராகவண்ணா.

"நான் நெய்யே தின்றதில்லீங்க" என்றேன்.

சேலத்து நெய்க்காரர் சிரித்துவிட்டார். "கறி தின்னுவாராம், நெய் தின்ன மாட்டாராம்" என்றார். பந்தியும் சிரித்தது. ராகவண்ணா மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் எழுந்துவிட்டேன்.

"இதுல வனஸ்பதி கலந்திருக்குதுங்க. எனக்கு இப்பதான் தெரியும். தயவு பண்ணி யாருக்கும் ஊத்தாதீங்க."

சிரிப்பு நின்றது. அவர் ஒரு துளியைப் புறங்கையில் தேய்த்துப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து மறுபடி உட்காரவைத்தார். என் வேலை போய்விட்டது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவர் உள்ளே ஓடிப்போய் ஒரு சின்னச் சொம்போடு வந்தார்.

"இப்படி ஒரு யோக்கியனுக்கு அந்தக் குப்பையா ஊத்தினேன். இது எங்க வீட்டு நெய். என் பெண்டாட்டி உருக்கினது. இப்பத் தின்னுங்க."

வேறு ஒப்பட்டு வைத்து அதன் மேல் ஊற்றிவிட்டார். நான் முகர்ந்தேன். அருமையான நெய். வெற்றிலை போட்டு உருக்கிய வாசனைகூட வந்தது. ஆனாலும் கை போகவில்லை. மறுபடியும், "நான் நெய் தின்றதில்லீங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. சொம்பைத் தூக்கி மோந்தார். மறுபடி மோந்தார். பந்தியில் ஒவ்வொருவராகத் தங்கள் இலையிலிருந்த ஒப்பட்டை ஓரமாகத் தள்ளினார்கள். "அடியே, இந்த நெய்யில என்ன போட்டே?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அய்யோ, நல்ல நெய்தாங்க. வெத்தல போட்டு உருக்கியிருக்காங்க. கூட ரெண்டு மெந்தயம்" என்று நான் கெஞ்சினேன்.

"நல்ல நெய்யுன்னா ஏன் தின்னல?"

அவர் மனைவி கரண்டியோடு வெளியே வந்துவிட்டார். சுப்பக்கா என்று கூப்பிடுவார்கள். ஒல்லியான மனுஷி, நல்ல கோபத்தில் இருந்தார். "வெத்தல, மெந்தயம் வரைக்கும் மூக்கு சொல்லுது, வாய்க்கு மட்டும் என்ன வந்தது?" என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பொய் வேண்டாம். எதுக்கு விட்டீங்க?"

அதுவரை அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. சொன்னேன். எங்கள் வீட்டில் ஒரு பசுவின் கன்று செத்துவிட்டது. பசு பால் சுரக்க வேண்டும் என்று கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோல் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்தினார்கள். அது நக்கிக் கொடுத்துக்கொண்டே பால் விட்டது. அந்தத் தோல் கன்றைத் தினமும் தூக்கிக்கொண்டு போய் நிறுத்துகிற வேலை என்னுடையது. ஒருநாள் பசு நக்கியதில் தையல் பிரிந்து வைக்கோல் வெளியே வந்தது. பசு என்னைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு விட்டேன்.

சுப்பக்கா என் இலையைச் சுருட்டி எடுத்துவிட்டு வேறு இலை போட்டார். உள்ளே போய் நல்லெண்ணெயில் ஒரு ஒப்பட்டைச் சுட்டுக்கொண்டு வந்தார். மேலே தேங்காய்ப்பால் ஊற்றினார். அவர்கள் ஊரில் அப்படியும் சாப்பிடுவார்களாம். ஒரு கிளப்பில் உட்கார்ந்து வயிறு நிறைய நான் சாப்பிட்டது அன்றைக்குத்தான். நான் விழுங்குகிற வரை ராகவண்ணா குனிந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பந்தியைப் பார்த்து, "தேங்காப்பாலு சுத்தம். எல்லாரும் தின்னலாம்" என்றார்.

5. பிறகு

மண்டி வேலை மறுநாளே போயிற்று. அதே வாரம் ராகவண்ணா என்னை ஸ்டோர் கீப்பராகச் சேர்த்துக்கொண்டார். அவருடைய காலம் முடிகிற வரை அங்கேதான் இருந்தேன். என் மகளின் கல்யாணத்துக்கு அந்தக் கிளப்பில்தான் சமையல்.

சேர்ந்ததும் அவரிடம், நான் கறியும் தின்பதில்லை, அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. "யுகாதி அன்னைக்கு உண்மை சொன்னவரு நீங்க. வெட்கப்பட்டு இப்பப் பொய் சொல்லாதீங்க. வெளிய போய்த் தின்னுங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றார். அடுப்படிக்குள் மட்டும் கடைசி வரை விடவில்லை. நெய்யை வாசலில் வைத்துத்தான் மோந்து கொடுத்தேன்.

புதிதாக வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களைப் பற்றி ஒரு பொய் சொல்ல நேர்ந்தால், சாகிற வரை அதோடு குடித்தனம் நடத்த முடியுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ராகவண்ணா தவறிய பத்தாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சுப்பக்கா தேங்காய்ப்பால் ஊற்றி என் இலையைக் கவனித்துக்கொண்டார். அவர் மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எதுத்த ஓட்டல்ல உங்களுக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்று காதில் சொன்னான். "அப்பா சொல்லிட்டுப் போனாரு. இன்னைக்கு ஈரல் நல்லா இருக்காம்."