எண்ணெய் கழுவிய வேடியப்பன்

அருங்காட்சியக வேலை என்றால் நிழலில் உட்காருகிற வேலை என்று எங்கள் தெருவில் நினைக்கிறார்கள். ஒரு நாள் வந்து நின்று பார்க்கட்டும். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில், பழைய கல்யாண மண்டபத்தை மாற்றிக் கட்டிய சின்னக் கலை அருங்காட்சியகம் எங்களுடையது. கூட்டுவது, டிக்கெட் கிழிப்பது, வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவது எல்லாம் நான் ஒருத்திதான். வாசல் பலகையில் நிகழ்ச்சிகளைச் சாக்பீசில் எழுதுவதும் நான்தான். நடுகல் கண்காட்சி, பள்ளிப் பிள்ளைகளுக்குத் 'தொட்டுப் பாருங்கள்' மேசை, ஞாயிறுதோறும் ஓவியப் போட்டி.

கண்காட்சி திறப்பதற்கு முந்தின நாள் மதியம். நாற்காலி தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப் போயிருந்தது. கதவைச் சாத்தப் போனால், ஒரு புருஷனும் பெண்டாட்டியும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நிற்கிறார்கள். புருஷன் கையில் மஞ்சள் பை.

"நாளைக்குத்தான் திறப்பு. போயிட்டு வாங்க" என்றேன்.

"பாப்பாரப்பட்டிக்கு அந்தாண்டருந்து ரெண்டு பஸ்சு மாறி வர்றோம்மா" என்றார் அவர். "எங்க சாமி இங்கதான் இருக்குது. பொண்ணுக்குக் கல்யாணம். மொத பத்திரிக அதுக்கு வெச்சாத்தான் மத்த வூட்டுக்குக் குடுக்க முடியும்."

ரோடு அகலப்படுத்தியபோது அவர்கள் ஊர் நடுகல்லை எங்களிடம் கொடுத்திருந்தார்கள். வேடியப்பன் என்று காலங்காலமாக எண்ணெய் ஊற்றிக் கும்பிட்ட கல். சாமிக்கு வைக்காமல் சொந்தக்காரன் வீட்டுப் படி ஏற மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான். அதனால் துரத்த முடியவில்லை. துரத்த முடியாததில் இன்னும் எரிச்சல்.

"சீக்கிரம் ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு நாற்காலி போடப் போனேன். கூடப் போய்க் காட்டியிருக்க வேண்டும்.

திரும்பிப் பார்த்தால் அவர் 'தொட்டுப் பாருங்கள்' மேசைக்கு முன்னால் விழுந்து கும்பிடுகிறார். அங்கே இருப்பது பிளாஸ்டரில் வார்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்த பொம்மைக் கல். எண்ணெய்ப் பிசுக்கை நாங்கள் கழுவுவதற்கு முன்னால் அவர்கள் கல் எப்படி இருந்தது என்று பிள்ளைகளுக்குக் காட்டச் செய்தது. குங்குமம் வைத்தாகிவிட்டது. பத்திரிகையும் வைத்தாகிவிட்டது.

பேசாமல் விட்டிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பார்கள். எனக்கு அப்படி வராது.

"எந்திரிங்க. அது சாமி இல்ல, பொம்மை. உங்க கல்லு அங்க இருக்குது."

தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற கல்லைப் பார்த்தார். கையில் வில், இடுப்பில் கத்தி, காலடியில் ஒரு நாய்.

"இது யாரு?"

"உங்க சாமிதான். எண்ணெய்ப் பிசுக்கச் சுரண்டுனா உள்ள இவருதான் இருந்தாரு."

"எங்க சாமிக்கு மொகமே கெடையாதும்மா."

அந்தம்மா குனிந்து கல்லின் ஓரத்தைப் பார்த்தார். "ஏங்க, உங்கண்ணன் டிராக்டரு ஓட்டத் தெரியாம இடிச்சாரே, அந்த மூளிதான் இது."

அவர் நகரவில்லை. "தெரியாத ஆளுக்கு மொத பத்திரிகையா? பொண்ணு வாழப் போறவ."

"தாலி கட்டுற அன்னிக்குத்தான் உங்க மொகத்த நான் பாத்தேன். வாழலியா? எடுத்து இங்க வையுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். "கற்பூரம் மட்டும் ஏத்தாதீங்க" என்றேன். வெற்றிலையில், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை அவர் வைத்தார். கும்பிடும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டார். போகும்போது பையிலிருந்து இன்னொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"ரெண்டாவது உனக்குத்தாம்மா. வந்துடு."

அவர்கள் போன பிறகு பொம்மையின் குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்தேன். பாதிப் பெயின்டும் சேர்ந்து வந்தது. கல்லுக்கு முன்னால் இருந்ததைத் தொடவில்லை.

காலையில் எங்கள் பொறுப்பாளர் கயிற்றுக்குள் எட்டிப் பார்த்து, "இது என்ன குப்பை?" என்றார்.

"அவருக்கு வந்த பத்திரிகை சார்" என்றேன். அவர் என்னையும் கல்லையும் பார்த்துவிட்டு, மைக் சரிபார்க்கப் போய்விட்டார்.

எனக்கு வந்ததை அப்புறம்தான் பிரித்தேன். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு கிடையாது.