பதினைந்தாவது பெயர்

டெல்ஃபினா அர்ரெகின் எங்கள் கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கு முன் முடிக்க வேண்டிய பாடங்களில் இன்னும் ஒன்றுதான் மிச்சம் என்று மாணவர் பதிவு அலுவலகத்தில் என் கவுண்டர் முன்னால் வந்து நின்றபோது முப்பத்தொன்பது. நடுவில் ஒரு மகளைப் பெற்று நாலாம் வகுப்புவரை கொண்டுவந்தாள், கணவனைப் பிரிந்தாள், ஆரஞ்சு தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை நிரந்தரமானது. முதல் இரண்டு வருடத்தை இங்கே மலிவாகப் படித்துவிட்டு மீதியைப் பல்கலைக்கழகத்தில் முடிக்கலாம் என்று எங்கள் விளம்பரத் தாளில் போட்டிருக்கும். அந்தத் தாளை அடுக்கி வைப்பது என் வேலை. உண்மையிலேயே இரண்டு வருடத்தில் முடித்தவர்கள் எத்தனை பேர் என்று என்னைக் கேட்டால், ஒரு கை விரல்களே போதும்.

அவளுக்குக் கட்டுமானப் பொறியியல் படிக்க வேண்டும். வறட்சி வருடத்தில் அவள் தெருக் கிணறுகள் எல்லாம் வற்றி, மூன்று வருடம் லாரித் தண்ணீரில் குளித்தவள்.

"குழாய் போட அளக்க வந்தவனுக்கு எங்க தெரு எந்தப் பக்கம்னே தெரியல, டோன்யா இல்டா," என்றாள் ஒருமுறை. "இவங்களுக்காகக் காத்திருக்கிறதுக்கு நானே படிச்சுட்டு வந்துடலாம்." இல்டா என் பெயர், டோன்யா என்பது வயதில் மூத்தவளுக்கு எங்கள் பக்கம் கொடுக்கும் மரியாதை.

படித்தாள். ஒரு பருவத்துக்கு ஒரு பாடம். இயற்பியல் ஆய்வகம் பகலில் மட்டும்தான் என்றால், கொட்டகையில் ஷிப்டு மாறும்வரை ஒரு வருடம் காத்திருந்தாள். நுண்கணிதத்தின் இரண்டாம் பகுதியில் ஒருமுறை தோற்று மறுபடி எழுதினாள். வேதியியல் முடித்த வருடம் பல்கலைக்கழகம் தன் பட்டியலை மாற்றி இன்னொரு பாடத்தைச் சேர்த்தது. அந்தச் செய்தியை அவளிடம் சொன்னது நான்தான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். அன்று அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

கடைசியில் மிஞ்சியது வகைக்கெழுச் சமன்பாடுகள். எங்கள் கல்லூரியில் அந்தப் பாடம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், ஜனவரியில், திங்களும் புதனும் சாயங்காலம். பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் கொடுத்துவிட்டது, ஒரு நிபந்தனையோடு. ஜூனுக்குள் இந்தப் பாடத்தில் தேற வேண்டும். இல்லையென்றால் இடம் போய்விடும்.

ஜனவரி முதல் வாரம். வாசலில் நின்ற கார்களே தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். கணினியில் பார்த்தேன். அந்த வகுப்புக்குப் பதினோரு பெயர்.

"வகுப்பு தொடங்கி மூணாவது திங்கக்கிழமை தலை எண்ணுவாங்க. அன்னிக்குப் பதினஞ்சு பேர் இல்லைன்னா வகுப்பு ரத்து," என்றேன். "டீன் எழுதியே அனுப்பிட்டாரு."

"அப்போ அடுத்தது?"

"ரெண்டு வருஷம் கழிச்சு."

அவள் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரல் நகங்களில் ஆரஞ்சுப் பழங்களுக்குப் பூசும் மெழுகு ஒட்டியிருந்தது. "எண்ணினதுக்கு அப்புறம் ஆளுங்க விட்டுட்டுப் போனா?"

"போகலாம். கேக்க மாட்டாங்க. அரசாங்கம் அந்த ஒரு நாள் கணக்குக்குத்தான் பணம் கொடுக்குது."

"அப்போ எனக்கு நாலு பேர் வேணும். அவ்வளவுதானே."

அவ்வளவுதான் என்பது அவள் கணக்கு. யாரை வேண்டுமானாலும் சேர்க்க முடியாதே. நுண்கணிதம் முடித்தவர்களைத்தான் கணினி ஏற்றுக்கொள்ளும். எங்கள் ஊரில் நுண்கணிதம் முடித்துவிட்டு அதோடு நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள், தேடினால். ஆனால் அந்தப் பெயர்களை நான் சொன்னால் என் வேலை போகும்.

அவள் கணக்கு ஆசிரியர் சியோங்கிடம் போனாள். முப்பது வருடமாக அவர் ஒருவர்தான் அந்த வகுப்புகளை எடுக்கிறார். அவரும் பெயர் சொல்ல மறுத்துவிட்டார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நீ யார் பேராவது சொன்னா, நான் தலையாட்டுறதை யாரும் தடுக்க முடியாது," என்றாராம். அவள் தனக்கு நினைவிருந்த பெயர்களை எல்லாம் சொன்னாள். அவர் சிலதுக்குத் தலையாட்டினார், சிலதுக்குச் சுவரைப் பார்த்தார்.

ஷிப்டு முடிந்து ஒவ்வொரு வீடாகப் போனாள். பழைய வகுப்புத் தோழி ஒருத்தி கைக்குழந்தையோடு கதவைத் திறந்து, மூன்று வாரம்தானே, அம்மாவிடம் பிள்ளையை விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். வெல்டர் ஒருவன் வந்தான். டயர் கடையில் கணக்கு எழுதுபவன் வந்தான். இன்னும் ஐந்து பேர் கதவோடு திருப்பி அனுப்பினார்கள். அதில் ஒருவன், "பதினோரு வருஷமா படிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?" என்று கேட்டானாம். இதை அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அவன் வீட்டு விலாசம் வேண்டியிருந்தது.

பதினான்கு. ஒரு வாரம் மிச்சம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இருபது வருடத்துக்கு முன்னால் அதே சியோங்கிடம் நுண்கணிதம் மூன்று பகுதியும் முடித்தவள் நான். நல்ல மதிப்பெண். அப்புறம் என் கணவர் துவார்த்தேவைப் பால்பண்ணையில் மாடு முட்டியது, இடுப்பு போயிற்று, நான் கவுண்டரில் வேலைக்கு உட்கார்ந்தேன். அந்தப் பதினைந்தாவது பெயராக நான் இருந்திருக்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருந்தால்தான் அவரை நாற்காலியிலிருந்து தூக்கிப் படுக்க வைக்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். மூன்று வாரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பையன்கள் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம் என்பதும் உண்மைதான். மறுபடி அந்த பெஞ்சில் உட்கார எனக்குப் பயம். டெல்ஃபினா தினமும் வந்து கணினியில் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுப் போனாள். நான் வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஒரு ஆளோடு வந்தாள். பால் டேங்கர் ஓட்டுகிறவர்கள் போடும் வெள்ளை ரப்பர் பூட்ஸ், தலையில் தொப்பி. அவளுடைய பழைய கணவன் எவரார்டோ. இருவரும் சியோங்கின் வகுப்பில்தான் முதலில் பார்த்துக்கொண்டார்கள். மகள் பிறந்ததும் அவன் படிப்பை விட்டு டேங்கரில் ஏறினான். பிரிகிற அன்று அவன் சொன்னதை அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். உன் படிப்பு முடியாது, அதுக்குள்ள நீ முடிஞ்சு போவ என்றானாம். இனி இவனிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்கமாட்டேன் என்று இருந்தவள் அவள்.

"திங்கக்கிழமை மட்டும்," என்றான் என்னைப் பார்த்து. "அதுக்கு மேல ஒரு நாள் இல்ல. பால் காத்துக்கிட்டிருக்காது."

"அதை அவங்ககிட்ட ஏன் சொல்ற? என்கிட்ட சொல்லியாச்சுல்ல," என்றாள் டெல்ஃபினா.

"சாட்சி வேணும். உன்னை நம்ப முடியாது. ரெண்டு வருஷம்னு சொல்லிட்டுப் பதினோரு வருஷம் இழுத்தவ நீ."

"நீ இருந்திருந்தா இருபது ஆகியிருக்கும்."

கல்லூரிக் கணினியில் அவனுடைய பழைய கணக்கு பூட்டிக் கிடந்தது. கடவுச்சொல் மறந்துவிட்டது. திறக்க வேண்டுமென்றால் அவன் படித்த காலத்தில் தேர்ந்தெடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் திரையைப் படித்தேன். "உங்கள் துணையை முதலில் சந்தித்த இடம்."

டெல்ஃபினா சுவரில் இருந்த நாட்காட்டியைப் படிக்க ஆரம்பித்தாள். எவரார்டோ தொப்பியைக் கழற்றினான். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால், அந்த வகுப்பறையின் எண்ணை அடித்தான். கணக்கு திறந்தது. பதினைந்து என்று திரையில் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை தலை எண்ணினார்கள். பதினைந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அன்று சியோங் போர்டில் ஒரு சமன்பாட்டை எழுதி, முடிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டாராம். யாரும் எழவில்லை. கடைசி வரிசையிலிருந்து எவரார்டோ பூட்ஸ் சத்தத்தோடு வந்து, நாலு வரியில் முடித்துவிட்டு, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனான். "எனக்கு இன்னும் வருதே," என்று அவளிடம் சொன்னானாம். செவ்வாய்க்கிழமை காலை, சொன்ன சொல் தவறாமல், பெயரை நீக்கிக்கொண்டான். கைக்குழந்தைக்காரியும் டயர் கடைக்காரனும் அதே நாளில் போனார்கள். மார்ச்சில் ஒன்பது பேர். மே மாதம் ஆறு.

அந்த ஆறு பேரில் டெல்ஃபினா கெட்டிக்காரி இல்லை. அதிகாலை நாலு மணிக்குக் கொட்டகை, சாயங்காலம் வகுப்பு, நடுவில் சமையல். வகுப்பில் தூங்கிவிட்டால் சியோங் எழுப்பமாட்டார், தன் குறிப்புகளை அவள் புத்தகத்துக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். இரண்டாவது தேர்வில் நாற்பத்தெட்டு வாங்கினாள். அன்றைக்கு அவளைப் பார்த்தபோது, ஜெயிக்காமல் போனாலும் பரவாயில்லை, இது முடிந்தால் சரி என்றுகூட எனக்குத் தோன்றியது.

ஜூன் முதல் வாரத்தில் மதிப்பெண் வந்தது. சி. அதற்கு ஒரு படி கீழே போயிருந்தால் இடம் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் சான்றிதழை அச்செடுத்து, உறையில் போட்டு, முத்திரை குத்தினேன். அவள் கொட்டகையில் கழித்துப்போட்ட ஆரஞ்சுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள். சந்தோஷமா என்று கேட்டேன்.

"தெரியல, டோன்யா இல்டா. ஒரு வாரம் தூங்கினா தெரியும்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "டெல்ஃபினா, நானும் நுண்கணிதம் முடிச்சவதான். ஜனவரியில நான் சேர்ந்திருக்கலாம். நீ அவன்கிட்டப் போய் நின்னிருக்க வேண்டியதில்ல."

"தெரியும்," என்றாள். "சியோங் சார்கிட்ட உங்க பேரையும் கேட்டுப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் என்னைக் கேக்கல?"

"கேக்கத்தான் வந்தேன். கடைசி வாரம், வியாழக்கிழமை, மூடுற நேரம். நீங்க உக்காந்தபடியே தூங்கிட்டிருந்தீங்க. கண்ணாடிகூடக் கழட்டல." அவள் உறையை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "அப்படியே வெளிய போய் எவரார்டோவுக்கு போன் போட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இருபது வருடத்தில் என்னை ஒருவர் தூங்க விட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் என்னைவிடக் களைத்துப்போன ஒருத்தி.